வீடு யார் பேரில் இருந்தால் என்ன?

நேயர்களுக்கு வணக்கம். நான் காரைக்குடியில் வழக்கறிஞர். இலவச சட்ட உதவி கேட்டு வரும் பெண்களுக்காக வாதாடுவதும் என் வேலையில் ஒரு பகுதி. அடி வாங்கி வருகிறவர்கள்கூட என்னிடம் அடியைப் பற்றி முதலில் பேசுவதில்லை. "வீடு அவர் பேரிலேயே இல்லையே மேடம், பங்காளிகளுக்கெல்லாம் பொதுவாச்சே, எனக்கு அங்கே என்ன பாத்தியதை?" என்றுதான் கேட்கிறார்கள்.

செட்டிநாட்டில் இந்தக் கேள்வி வருவது இயல்பு. ஒரே வீட்டில் எத்தனையோ புள்ளிகளுக்கு, அதாவது தனித்தனிக் குடும்பங்களுக்கு, பங்கு இருக்கும். இந்தப் பெண்கள் புழங்குவது உள்முற்றமான வளவை ஒட்டிய ஓர் அறையும் அடுப்படியும் மட்டும். "இது எங்க ஐயா கட்டின வீடு, வெளியே போ" என்று யாராவது சத்தம் போட்டால், மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுகிறாள்.

அவள் வந்திருக்கவே வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், கணவரோடு குடியிருந்த வீட்டில் தொடர்ந்து இருக்கும் உரிமையை மனைவிக்குக் கொடுக்கிறது. பத்திரத்தில் அவள் பெயர் இருக்க வேண்டும் என்பதில்லை. மாமனார் பெயரில் உள்ள வீட்டுக்கும் இது பொருந்தலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சொத்தில் பங்கு வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள், இது குடியிருக்கும் உரிமை மட்டும். ஆனால் சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் கையைப் பிடித்து வெளியே தள்ள யாருக்கும் அதிகாரம் கிடையாது.

அப்புறம் சீர் சாமான். கொடுத்ததையெல்லாம் முறைச்சிட்டையில் எழுதிவைக்கும் வழக்கம் நகரத்தார் வீடுகளில் உண்டே, அந்தத் தாள் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பெண்ணின் நகையையும் பொருளையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவு போட முடியும். அப்போது அந்தத் தாள் பெரிய சாட்சி. போனில் படம் எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். அந்த வழக்கம் இல்லாத வீட்டுக்காரர்களுக்கு நகைக்கடை பில்லும் கல்யாண ஆல்பமும் போதும். எத்தனை சம்பந்திகள் "நாங்க எதையும் வாங்கவே இல்லையே" என்று சாதிப்பார்கள் என்பது எனக்குத்தான் தெரியும்.

சரி, யாரைக் கூப்பிடுவது? 181. பெண்களுக்கான இலவச எண், இரவு பகல் எந்நேரமும் பேசலாம். உங்கள் நிலைமையைக் கேட்டுக்கொண்டு, மாவட்டத்தில் இருக்கும் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழிகாட்டுவார்கள். வைத்தியம், ஆலோசனை, போலீஸ், வக்கீல், சில நாள் தங்க இடம் எல்லாவற்றையும் காசில்லாமல் ஏற்பாடு செய்வது அந்த மையத்தின் பொறுப்பு. அடி விழுந்துகொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் அவசர உதவி எண் 112. பேசி முடித்ததும் அழைப்புப் பட்டியலிலிருந்து அந்த எண்ணை அழித்துவிடுங்கள், போனைப் பிடுங்கிப் பார்க்கும் வீடுகள் நிறைய.

காவல் நிலையம் போகத் தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. சமூக நலத்துறையில் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார். நடந்ததை அறிக்கையாக எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவது அவர் கடமை. மனு போட்டதிலிருந்து பொதுவாக 3 நாளுக்குள் முதல் விசாரணை, அந்த விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் 60 நாளைத் தாண்டி இழுக்கும், மறைப்பானேன். அதனால்தான் முதலிலேயே இடைக்கால உத்தரவு கேட்கச் சொல்கிறேன். புருஷன் சிங்கப்பூரில் இருக்கிறார், நீங்கள் தேவகோட்டையில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்றாலும் தேவகோட்டையிலேயே மனு போடலாம்.

வக்கீல் ஃபீஸ்? பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டமே சொல்கிறது. கழுத்துச் சங்கிலியைப் பார்த்து யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். இலவச சட்ட உதவிக்கான எண் 15100.

இதே பெண்களில் பலர், பேச்சு முடியும்போது குரலைத் தாழ்த்தி, "தூக்கமே இல்லை மேடம், போய்ச் சேர்ந்துட்டா தேவலைன்னு இருக்கு" என்பார்கள். மனநல டாக்டரிடம் போகச் சொன்னால் பயப்படுகிறார்கள். "இவளுக்கு மூளை சரியில்லை" என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு ஆதாரம் கொடுத்தது போல் ஆகிவிடுமாம். அப்படி ஏசி அவமானப்படுத்துவதும் குடும்ப வன்முறைதான் என்கிறது சட்டம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ, சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தேவைப்பட்டால் டாக்டரிடம் இணைப்பார்கள். பெண்களுக்கு மட்டுமானது அல்ல. கடன் நெருக்கடியில் இருக்கும் ஆணும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆயாவும் கூப்பிடலாம்.

யாராவது மருந்தைக் குடித்துவிட்டால் முதலில் 108. கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, "சாப்பாடு ஒத்துக்கலை" என்று டாக்டரிடம் பொய் சொல்லாதீர்கள். என்ன குடித்தார், எவ்வளவு குடித்தார் என்று தெரிந்தால்தான் வைத்தியம், பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். அப்படிச் செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது, அவரைத் தண்டிக்க நினைப்பதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது தெரிந்தால் நீங்களே பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது, அதற்கும் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. இராயவரம், பொன்னமராவதிப் பக்கத்து நேயர்களுக்கு மாவட்ட அலுவலகம் சிவகங்கை அல்ல, புதுக்கோட்டை. தொலைபேசி எண்கள் எல்லாருக்கும் ஒன்றுதான்: 181, 14416, 15100. வணக்கம்.