தப்பாக விளையாடிப் பாருங்கள்: சின்னக் குழந்தைகளுக்கான டேப்லெட் செயலிகள்

வணக்கம். குழந்தைகள் இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள், அதனால் தாழ்ந்த குரலில்தான் பேசப்போகிறேன். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இதோ, இதுதான் எங்கள் வீட்டு டேப்லெட். போன மாதம் வரை இதில் குழந்தைகளுக்கென்று 14 செயலிகள் இருந்தன. இப்போது மூன்றுதான். மற்ற பதினொன்றையும் ஒரே ராத்திரியில் எடுத்துவிட்டேன். எதை வைத்து முடிவு செய்தேன் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள், இன்று அதைத்தான் சொல்லப்போகிறேன்.

என் மகளுக்கு மூன்றரை வயது. எண்கள் சொல்லித்தரும் ஒரு செயலியில் விளையாடிக்கொண்டிருந்தாள். நான்கு மீன்கள் நீந்துகின்றன, கீழே 3, 4, 5 என்று மூன்று பொத்தான்கள். அவள் மீன்களைப் பார்க்கவே இல்லை. மூன்று பொத்தான்களையும் வரிசையாகப் படபடவென்று தட்டினாள். ஏதோ ஒன்று சரியாக இருக்கும், உடனே நட்சத்திரம் கொட்டும், கைதட்டல் கேட்கும், அடுத்த பக்கம் வரும். மறுபடியும் மூன்றையும் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் 20 கேள்விகளையும் முடித்துவிட்டு, "அம்மா, எல்லாமே சரி!" என்று கோப்பையைக் காட்டினாள். நான் சந்தோஷமாக, "சரி, நாலு ஸ்பூன் எடுத்துட்டு வா" என்றேன். கை கொள்ளாமல் அள்ளிக்கொண்டு வந்தாள்.

அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அந்தச் செயலி கேட்டது தட்டலை மட்டும்தான், அதை அவள் சரியாகப் புரிந்துகொண்டாள்.

அன்று ராத்திரி இதே நாற்காலியில் உட்கார்ந்து 14 செயலிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, வேண்டுமென்றே தப்புத் தப்பாக விளையாடினேன். நீங்களும் குழந்தையிடம் கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள், ஒரு செயலிக்குப் பதினைந்து நிமிடம் போதும். முக்கோணத்தைக் கேட்டால் வட்டத்தைத் தொடுங்கள். ஒன்றுமே செய்யாமல் அரை நிமிடம் சும்மா இருங்கள். ஐந்து விரலாலும் ஒரே நேரத்தில் தட்டுங்கள், உள்ளங்கையை ஸ்கிரீன்மேல் வைத்துக்கொண்டே ஆடுங்கள். சின்னக் குழந்தைகள் அப்படித்தான் தொடுவார்கள்.

எனக்கு என்ன தெரிந்தது என்றால், சில செயலிகள் தப்புக்கும் சரிக்கும் ஒரே மாதிரி கைதட்டுகின்றன. சில, தப்பு செய்தால் "பீப்" என்று கத்தி, முகத்தைச் சுளித்துக் காட்டுகின்றன. அந்தச் சத்தத்துக்காகவே திரும்பத் திரும்பத் தப்பு செய்யும் குழந்தைகள் உண்டு, பயந்து நகர்ந்துவிடும் குழந்தைகளும் உண்டு. நல்ல செயலி ஒன்றில், வட்டத்தைக் கொண்டுபோய் முக்கோணப் பள்ளத்தில் வைத்தேன். அது மெல்லத் திரும்பி வந்தது. பள்ளத்தின் மூன்று முனைகளும் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தன. "இதற்கு மூன்று முனை இருக்கிறது, இன்னொரு தடவை பார்க்கலாமா?" என்று ஒரு குரல் கேட்டது. எங்கே தவறினோம் என்று குழந்தைக்குக் காட்டிவிட்டு, அது யோசிக்கும்வரை காத்திருந்தது. அந்தக் காத்திருப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது.

கேத்தி ஹெர்ஷ்-பாசெக் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2015இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு செயலியால் குழந்தை உண்மையில் கற்றுக்கொள்ளுமா என்று பார்க்க நான்கு விஷயங்களை அதில் சொல்கிறார்கள். குழந்தையின் மனது வேலை செய்ய வேண்டும், விரல் மட்டும் வேலை செய்தால் போதாது. கவனம் சிதறாமல் இருக்க வேண்டும். கற்பது அதன் வாழ்க்கையோடு ஒட்ட வேண்டும். இன்னொரு மனிதரோடு பேசவும் பகிரவும் இடம் இருக்க வேண்டும். என் மகளின் மீன் செயலியை இந்த நான்கிலும் வைத்துப் பார்த்தேன், ஒன்றில்கூடத் தேறவில்லை. 2021இல் வேறொரு குழு இதே நான்கு அளவுகோல்களை வைத்து 124 செயலிகளுக்கு மதிப்பெண் போட்டது. கடைகளில் "கல்வி" என்ற பெயரில் முன்னணியில் இருந்தவையும் குழந்தைகள் அதிகம் பயன்படுத்தியவையும் அதில் இருந்தன. பாதிக்கும் மேற்பட்டவை தாழ்ந்த மதிப்பெண்தான் வாங்கின. அதனால் "கல்விச் செயலி" என்ற பெயரைப் பார்த்து நம்பி ஏமாந்தோமே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி அப்படித்தான் இருக்கிறது.

வயதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆப் ஸ்டோரில் 4+ என்றும் ப்ளே ஸ்டோரில் 3+ என்றும் போட்டிருக்கும். அந்த வயதுக் குழந்தைக்காகச் செய்தது என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு அர்த்தம் அது இல்லை. அந்த வயதுக்கு ஒவ்வாத வன்முறையோ ஆபாசமோ உள்ளே இல்லை என்பதற்கு மட்டுமே அந்த எண். கால்குலேட்டர் செயலிக்கும் 4+ போட்டிருக்கும். ஆப் ஸ்டோரில் குழந்தைகள் பிரிவுக்குள் போனால் "5 வயதும் அதற்குக் கீழும்" என்று தனியாக இருக்கிறது. ப்ளே ஸ்டோரில் 2020இலிருந்து "ஆசிரியர்கள் பரிந்துரைத்தது" என்ற முத்திரை வருகிறது. தேடத் தொடங்க இவை நல்ல இடங்கள். ஆனால் அதற்குப் பிறகும் நான் தப்பாக விளையாடிப் பார்த்துவிட்டுத்தான் குழந்தையிடம் கொடுக்கிறேன்.

சின்னவனுக்கு 19 மாதம். அவனுக்கு எந்தச் செயலி வைத்திருக்கிறீர்கள் என்று போன வீடியோவில் கேட்டிருந்தீர்கள். ஒன்றும் வைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டுதலில், இரண்டு வயது வரை ஸ்கிரீன் முன்னால் உட்கார வைப்பதைப் பரிந்துரைக்கவில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதைவிடக் குறைந்தால் நல்லது என்கிறது. இதற்குக் காரணம் கண் வலி மட்டும் என்று நினைக்காதீர்கள். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு, ஸ்கிரீனில் பார்த்ததை வெளியே கொண்டுவந்து செய்வது கஷ்டம். ஒரு பொம்மையை எப்படித் திறப்பது என்று நேரில் ஒருவர் செய்து காட்டினால் பிடித்துக்கொள்ளும். அதையே வீடியோவில் காட்டினால் அவ்வளவாகப் பிடிக்காது. ஆய்வாளர்கள் பல தடவை பார்த்த விஷயம் இது. பாட்டியோடு வீடியோ கால் பேசுவது வேறு. அங்கே அவன் சிரித்தால் பாட்டியும் சிரிக்கிறார், அவன் கேட்டால் பதில் வருகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2016இல், 18 மாதத்துக்குக் கீழே இருக்கும் குழந்தைகளுக்கு ஸ்கிரீன் வேண்டாம் என்று சொன்னபோது வீடியோ காலை மட்டும் விலக்காக வைத்தது.

சரி, இப்போது எனக்குக் கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். விளம்பரம்.

நான் அழித்ததில் ஒரு புதிர்ச் செயலி இருந்தது. பெயர் சொல்லவில்லை. படத்துண்டுகளைச் சேர்க்கும் விளையாட்டு, நன்றாகவே செய்திருந்தார்கள். ஆனால் திரையில் பளபளவென்று ஒரு பெட்டி மிதந்து வரும். என் மகள் அதைத் தொட்டாள், வேறொரு விளையாட்டின் விளம்பரம் ஓடத் தொடங்கியது. மூடுவதற்கான குறி மூலையில் கடுகு அளவு. அவளால் மூட முடியவில்லை, அழுதுவிட்டாள். மூன்றரை வயதில் எது விளையாட்டு, எது விளம்பரம் என்று பிரிக்கத் தெரியாது. அந்த வயது அவ்வளவுதான். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் ஐந்து வயதும் அதற்குக் கீழுமான குழந்தைகள் பயன்படுத்தும் 135 செயலிகளைப் பார்த்தார்கள். 95 சதவீதத்தில் ஏதோ ஒரு வகை விளம்பரம் இருந்தது. பொருளை வாங்கச் சொல்லி விளையாட்டின் கதாபாத்திரமே குழந்தையை வற்புறுத்துவதும் அதில் அடக்கம். குழந்தைக்குப் பிடித்த பொம்மை முகம் சோர்ந்து "வாங்கித் தரமாட்டாயா" என்று நின்றால், அந்தப் பிஞ்சு என்ன செய்யும்? இது கல்வி என்ற பெயரில் நடக்கக் கூடாது.

செயலிக்குள்ளேயே பணம் பிடிக்கும் விவகாரமும் இதோடு சேர்ந்தது. பெற்றோருக்குத் தெரியாமல் குழந்தைகள் வாங்கியதற்காக ஆப்பிள் குறைந்தது 3.25 கோடி டாலரையும், கூகுள் குறைந்தது 1.9 கோடி டாலரையும் திருப்பித் தர 2014இல் அமெரிக்காவின் வணிக ஆணையத்தோடு ஒப்புக்கொண்டன. அதற்குப் பிறகு பாதுகாப்பு கூடியிருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி செட்டிங்ஸில் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. ஏரோப்ளேன் மோடைப் போட்டுவிட்டுச் செயலியைத் திறந்து பாருங்கள். இணையம் இல்லாமலேயே ஓடினால் நிம்மதி. பல விளம்பரங்கள் வராது, வேறு எங்கும் தாவிப் போகவும் வழி இருக்காது.

கதைப் புத்தகச் செயலிகளைப் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். எதைத் தொட்டாலும் ஏதாவது குதிக்க வேண்டும் என்று செய்கிறார்கள். மரத்தைத் தொட்டால் பறவை கத்துகிறது, ஜன்னலைத் தொட்டால் பூனை எட்டிப் பார்க்கிறது. ஆனால் கதை யானைக் குட்டியைப் பற்றியது! கடைசியில் யானைக் குட்டி எங்கே போனது என்று கேட்டேன், என் மகளுக்குத் தெரியவில்லை. பூனையைத் தெரியும். இந்த மாதிரிப் புத்தகங்களில் பெற்றோரின் பேச்சுகூடக் கதையை விட்டு "இங்கே தொடு, அங்கே தொடாதே" என்று போய்விடுவதை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். கதையை நகர்த்தும் அசைவு மட்டும் இருக்கும் புத்தகத்தைத் தேடுங்கள். தாளில் அச்சான புத்தகம் கையில் இருந்தால் இன்னும் நல்லது.

தமிழ் எழுத்துச் செயலிகளில் குரலைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். ல, ள, ழ மூன்றையும் ஒரே மாதிரி சொல்லும் செயலியை நான் அழித்துவிட்டேன். இந்த வயதில் காதில் விழுவதுதான் நாக்கில் நிற்கும். எழுத்தை விரலால் வரையும் பகுதியில், கோடு எங்கே தொடங்குகிறது என்று காட்டுகிறதா, தாறுமாறாகத் தேய்த்தாலும் "அருமை" என்று சொல்கிறதா, அதையும் பாருங்கள்.

மிஞ்சிய மூன்று என்னென்ன? ஒன்று, கான் அகாடமி கிட்ஸ். 2 முதல் 8 வயது வரை, முழுக்க இலவசம், விளம்பரம் இல்லை, சந்தா இல்லை. இன்னொன்று, முத்திரை குத்தாமல், மதிப்பெண் தராமல் வெறும் வெள்ளைத் தாளை நீட்டும் ஓவியச் செயலி. மூன்றாவது, முன்னால் சொன்ன முக்கோணச் செயலி. இவற்றைத் தவிர டேப்லெட்டோடு வந்த கேமரா இருக்கிறதே, அதைத்தான் நாங்கள் அதிகம் பயன்படுத்துகிறோம். "வீட்டில் வட்டமாக இருப்பதை எல்லாம் படம் எடுத்துக்கொண்டு வா" என்பேன். கடிகாரம், மூடி, சட்டைப் பொத்தான், தம்பியின் தொப்புள் என்று எடுத்து வருவாள். பிறகு இருவரும் உட்கார்ந்து எண்ணுவோம். அந்த நான்கு அளவுகோல்களிலும் இது தேறும்.

செயலியைத் திறந்ததும் வெளியே தாவாமல் பூட்டி வைக்கலாம். ஐபேடில் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, அதற்குள் கைடட் ஆக்சஸ். ஆண்ட்ராய்டில் பாதுகாப்பு செட்டிங்ஸில் ஆப் பின்னிங். இரண்டு நிமிட வேலை.

கடைசியாக, நிறுத்துவது. "இன்னும் ரெண்டு நிமிஷம்தான்" என்று முன்கூட்டியே சொன்னால் அழுகை குறையும் என்றுதான் நானும் நம்பினேன். 2016இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வீடுகளில் நடப்பதைக் குறித்துக்கொண்டபோது, இரண்டு நிமிட எச்சரிக்கை கொடுத்த சமயங்களில் அழுகையும் அடமும் கூடத்தான் செய்திருக்கிறது. விளையாட்டு தானாக முடியும் இடத்தில் நிறுத்தினால் குழந்தைகள் எளிதாக விட்டுவிடுகிறார்கள். அதனால் முடிவே இல்லாமல் அடுத்தது, அடுத்தது என்று தானாக ஓடும் செயலிகளை எடுத்துவிட்டேன், மற்றவற்றில் தானாக ஓடுவதை அணைத்துவிட்டேன். இப்போது "இந்தப் படம் முடிந்ததும் மூடிடலாம்" என்கிறேன். நேற்று சூரியனுக்கு மஞ்சள் பூசி முடித்தாள். அவளே உறையை மூடினாள், அலமாரியில் வைத்தாள், தம்பியை எழுப்பப் போய்விட்டாள்.

உள்ளே சிணுங்கல் கேட்கிறது, சின்னவன்தான். வருகிறேன்.