ஓரியன்டேஷன் ஒரு நாளோட முடியக்கூடாது

வணக்கம் நேயர்களே. நான் ஒரு அரசு உதவி பெறும் கலை அறிவியல் காலேஜ்ல தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ப்ளஸ் டூ ரிசல்ட், அப்ளிகேஷன், கவுன்சிலிங்னு ஓடி முடிச்சுட்டு முதல் வருஷப் பிள்ளைங்க உள்ள வர்ற நேரம் இது, அதனால முதல் நாள் நடத்துறோமே ஓரியன்டேஷன், அதப் பத்தி பேசலாம்னு வந்தேன்.

அன்னைக்கு என்ன நடக்கும்னு பெத்தவங்க பாத்திருப்பீங்க. ஆடிட்டோரியம் நிறைய கூட்டம், குத்துவிளக்கு, பொன்னாடை, சீஃப் கெஸ்ட் பேச்சு, அப்புறம் ஒவ்வொருத்தரா மைக்க வாங்கி 75 சதவீதம் அட்டன்டன்ஸ் இல்லன்னா பரீட்சை எழுத முடியாது, காலேஜ்லயே வைக்கிற இன்டர்னலுக்கு 25 மார்க், செமஸ்டர் கடைசியில எழுதுற எக்ஸ்டர்னலுக்கு 75, ஐடி கார்டு கழுத்துல இருக்கணும், செல்போன் கிளாஸ்ல கூடாது, ஸ்காலர்ஷிப்புக்கு இந்தத் தேதிக்குள்ள அப்ளை பண்ணணும்னு மொத்தத்தையும் ரெண்டு மணி நேரத்துல கொட்டிருவோம். "எதாவது டவுட் இருக்காப்பா?"ன்னு கேட்டா ஒரு கை தூக்காது. எப்படித் தூக்கும்? இன்டர்னல்னா என்னன்னு ஒரு டெஸ்ட் எழுதிப் பாத்தாத்தான தெரியும். டவுட்டே வராத நாள்ல எல்லா பதிலையும் சொல்லிட்டு, டவுட் வர்ற நாள்ல நாம ஆளுக்கொரு பக்கம் பிஸியாயிடறோம். எனக்கு இதுல இருக்கிற வருத்தம் இதுதான்.

எங்க லேப்ல நான் பாக்குறத சொல்றேன். ஊர்ல தமிழ் மீடியத்துல படிச்ச பொண்ணு, ப்ளஸ் டூல நல்ல மார்க், ஒளிச்சேர்க்கையப் பத்தி கேட்டா படம் போட்டு விளக்கும். இங்க போர்டுல எல்லாம் இங்கிலீஷ். அது நோட்டைத் திருப்பிப் பாத்தா ஃபோட்டோசிந்தசிஸ், குளோரோபிளாஸ்ட்னு நாங்க சொல்ற இங்கிலீஷ் வார்த்தையெல்லாம் தமிழ் எழுத்துல காதுல விழுந்தபடி எழுதி வச்சிருக்கும், வேகத்துல விட்டுப்போன இடத்துல சின்னச் சின்ன கோடு. பக்கம் பூரா அந்தக் கோடுதான். அப்சர்வேஷன் நோட்டுக்கும் ரெக்கார்ட் நோட்டுக்கும் என்ன வித்தியாசம்னு பக்கத்து பொண்ணுகிட்ட கேட்கக் கூச்சப்பட்டுட்டு ரெண்டுலயும் ஒரே மாதிரி எழுதிட்டு வரும். ஒருநாள் இந்த காலேஜ்லதான் படிக்குதுன்னு காட்டுற சர்டிபிகேட் கேட்டுப் போனப்ப ஆபீஸ் கவுன்டர்ல, "போனஃபைட் வேணும்னா லெட்டர் எழுதிட்டு வாம்மா"ன்னு அனுப்பிட்டாங்க, வராண்டாவுல நின்னு என்கிட்ட, "மேம், அது யாருக்கு எழுதணும் மேம்?"னு கேட்டுச்சு. அறிவு கம்மின்னு யாரும் சொல்ல முடியாது, வீட்ல காலேஜ் வாசல மிதிச்ச முதல் ஆள் அது, கேட்கறதுக்கு அக்கா அண்ணன் கிடையாது. அந்த மாதிரி பிள்ளைக்கு முதல் நாள் பேச்சு எந்த மூலைக்கு?

ஒரு நாள் பத்தாதுன்னு மேல இருக்கிறவங்களுக்கும் தெரியும். இன்ஜினியரிங் காலேஜ்கள்ல புதுசா சேர்றவங்களுக்கு மூணு வாரம் இன்டக்ஷன், அதாவது அறிமுக நிகழ்ச்சி, நடத்தணும்னு தொழில்நுட்பக் கல்விய கவனிக்கிற ஏஐசிடிஇ 2017-லயே கொண்டு வந்தாங்க, உடற்பயிற்சி, கலை, ஊரச் சுத்திப் பாக்கறது, மனித விழுமியங்கள்னு நல்லாவே யோசிச்ச திட்டம். பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யுஜிசி, 2019-ல 'தீக்ஷாரம்ப்'னு எல்லா காலேஜுக்கும் ஒரு வழிகாட்டி போட்டாங்க. ஆனா பல இடத்துல சிலபஸ் முடியாதுன்ற பயத்துல மூணு வாரம் மூணு நாளா சுருங்கிடுது, அந்த மூணு நாளும் பேச்சுதான், பேசுற ஆள்தான் மாறுவாங்க. என் அபிப்பிராயம், மூணு வாரத்த மொத்தமா ஆரம்பத்துலயே வைக்கறதவிட அதே மணி நேரத்த செமஸ்டர் பூரா பிரிச்சு வச்சா பிள்ளைங்களுக்கு ரொம்ப உதவும்.

இது புதுசா நான் கண்டுபிடிச்சது கிடையாது. அமெரிக்காவுல சவுத் கரோலினா பல்கலைக்கழகத்துல 1970-ல மாணவர் போராட்டம் பெருசா வெடிச்சு பல்கலைக்கழக பிரசிடென்ட் ஆபீஸ் வரைக்கும் போச்சு, அப்போ அந்தப் பதவியில இருந்த தாமஸ் ஜோன்ஸ், பிள்ளைங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவுல ஒட்டுதலே இல்லையேன்னு யோசிச்சு 1972-ல 'யூனிவர்சிட்டி 101'னு ஒரு பாடத்த ஆரம்பிச்சார். முதல் வருஷப் பிள்ளைங்க சின்னச் சின்ன குரூப்பா ஒரு ஆசிரியரோட செமஸ்டர் முழுக்க உக்காந்து, எப்படி படிக்கறது, யார்கிட்ட போய் கேட்கறது, எப்படி பழகறதுன்னு பேசுற கிளாஸ். அம்பது வருஷம் தாண்டி இன்னைக்கும் நடக்குது, நிறைய பல்கலைக்கழகங்கள் அதப் பாத்து அவங்க ஊருக்கு ஏத்த மாதிரி செஞ்சுக்கிட்டாங்க.

நம்ம காலேஜ்கள்ல என்ன செய்யலாம்? டைம்டேபிள்ல வாரத்துக்கு ஒரு மணி நேரம், அவ்வளவுதான். கொஞ்சம் பிள்ளைங்களப் பாத்துக்கற பொறுப்புல டியூட்டர்னு ஒரு ஆசிரியர் ஏற்கனவே பேப்பர்ல இருக்காங்க, அவங்க அந்தப் பிள்ளைங்களோட உக்காரட்டும். முதல் நாள் கிளாஸ் எங்க, பாத்ரூம் எங்க, தண்ணி எங்க, எந்த பஸ்ல திரும்பிப் போகணும், இது போதும். ரெண்டாவது வாரம் ஸ்காலர்ஷிப், அதுவும் சொன்னா பத்தாது, புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டத்துல மாசம் 1000 ரூபா வரணும்னா பேங்க் அக்கவுன்ட்ல ஆதார் சேர்ந்திருக்கான்னு பக்கத்துல உக்காந்து பாக்கணும், அந்த ஆயிரம் ரூபா நிறைய வீட்ல பஸ் காசும் மதியச் சாப்பாடும். முதல் இன்டர்னலுக்கு முந்தின வாரம் அஞ்சு மார்க் கேள்விக்கு எவ்வளவு எழுதணும்னு எழுதியே காட்டலாம். பேப்பர் திருத்திக் கொடுத்த வாரம்தான் ரொம்ப முக்கியம், பள்ளிக்கூடத்துல ஃபர்ஸ்ட் வந்த பிள்ளை 25-க்கு 7 வாங்கிட்டு பேப்பர மடிச்சு பையில வைக்கும் பாருங்க, அன்னைக்கு ஒரு ஆள் பக்கத்துல இருக்கணும்.

இன்னொரு வாரமும் இருக்கு, ஆயுதபூஜை, தீபாவளி லீவு முடிஞ்சு திறக்கிற வாரம். ஊருக்குப் போன பிள்ளைங்கள்ல ஒண்ணு ரெண்டு திரும்ப வராது. வேலைக்குப் போயிருக்கும், இல்ல வீட்ல கல்யாணப் பேச்சு எடுத்திருப்பாங்க, இல்ல பாடம் புரியலன்னு பயந்து வீட்லயே உக்காந்திருக்கும். ரெஜிஸ்டர்ல தொடர்ந்து ஆப்சென்ட் விழறத செமஸ்டர் கடைசியில அட்டன்டன்ஸ் கணக்கு போடறப்ப பாத்து பிரயோஜனம் இல்ல, அந்த வாரமே போன் போட்டு "ஏம்மா வரல, என்னாச்சு?"ன்னு கேட்கணும், முடிஞ்சா வீட்டுக்கே போகணும்.

சீனியர்கள வச்சு செய்யலாமான்னு கேட்டா தாராளமா செய்யலாம். 1997-லயே ராகிங் தடைச் சட்டம் போட்ட மாநிலம் நம்மது, அந்த பயத்துல சீனியர் ஜூனியர்கிட்ட பேசவே கூடாதுன்னு சுவர் எழுப்பிடறோம். டியூட்டர் கண்பார்வையில, பகல்ல, கிளாஸ்ரூம்லயே ரெண்டாம் வருஷப் பிள்ளைங்கள உக்கார வச்சா ரெக்கார்ட் நோட் விஷயம், அரியர் விழுந்தா என்ன பண்ணணும்னு ஆசிரியர்கிட்ட கேட்க முடியாததெல்லாம் அங்க கேட்பாங்க.

பெத்தவங்களுக்கும் ஒரு நாள் பத்தாது. செப்டம்பர்ல இன்னொரு தடவ கூப்பிடணும், அதுவும் ஞாயித்துக்கிழமையா, கூலிக்குப் போறவங்க ஒரு நாள் சம்பளத்த விட்டுட்டு வரக்கூடாது. கேட்டுட்டு இருக்கிற அப்பா அம்மா யாராவது இந்த வருஷம் பிள்ளைய சேர்க்கப் போறீங்கன்னா, முதல் நாளே, "எங்க பிள்ளைக்கு டியூட்டர் யாருங்க, எப்ப வந்து பாக்கலாம்?"னு கேட்டு அவங்க போன் நம்பர வாங்கி வச்சுக்கோங்க. நன்றி, வணக்கம்.