தாயும் பிள்ளையும் சுகமோ?

(யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையம் ஒன்றில் இளைப்பாறிய மருத்துவமாது ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அம்மாமாரே, தங்கச்சிமாரே,

ஊரில் ஒரு பிள்ளை பிறந்தால் நாங்கள் கேட்பது இரண்டு கேள்வி. என்ன பிள்ளை? தாயும் பிள்ளையும் சுகமோ? சுகம் என்றால் கதை முடிந்தது, சரக்கு வறுக்கப் போய்விடுவோம். உள்ளே உன்னை எப்படிப் பார்த்தார்கள் என்று அவளிடம் ஒருவரும் கேட்பதில்லை.

இலங்கையில் இப்போது ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கின்றன. தெற்காசியாவில் பேறுகாலச் சாவு மிகக் குறைந்த நாடுகளில் எங்களுடையதும் ஒன்று. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசும் இல்லை. மழைக்குள் சைக்கிள் மிதித்துப் பிள்ளைத்தாச்சிகளின் வீடு வீடாகப் போனவள் நான், அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. ஆனால் அதைக் காட்டியே ஒருத்தியின் வாயை அடைக்கலாமோ?

என் பிழையையே சொல்கிறேன். பயிற்சிக் காலம். தலைச்சன் பேறுக்கு வந்த பிள்ளை ஒன்று கட்டில் கம்பியைப் பிடித்தபடி கத்தினாள். "அப்பக் கத்தேல்லைத்தானே, இப்ப என்னத்துக்குக் கத்துறாய்?" என்றேன். மூத்தவர்கள் சொல்லக் கேட்டுக் கேட்டு என் வாயிலும் வந்தது. அவள் அடங்கிவிட்டாள். நல்லதாய்ப் போச்சு என்றுதான் நினைத்தேன். அவளுடைய கட்டில் திரைச்சீலை முழுதாக மூடாது, ஒரு சாண் விலகியே நிற்கும். போய் வந்தவர்கள் எல்லோரும் பார்த்தபடி போனார்கள். சீலையை இழுத்து ஒரு ஊசி குத்தியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

பயந்தவளுக்கு உடம்பில் அதிரீனலின் என்கிற பயச் சுரப்பு கூடும். கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஒட்சிற்றோசின் என்கிற சுரப்பு அதனால் மந்தப்படும், நோ நீண்டுகொண்டு போகும். ஏசினால் எங்களுக்குத்தான் வேலை கூடும்! 15,000க்கு மேற்பட்ட பெண்களிடம் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பக்கத்தில் விடாமல் துணை இருந்தவர்களுக்குப் பேறு நேரமும் குறைந்திருந்தது, சத்திரசிகிச்சையும் குறைந்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரைகளிலும் இது இருக்கிறது: அவள் விரும்பும் ஆள் கூட இருக்கட்டும், சிக்கல் இல்லாதவள் தண்ணீர் குடிக்கட்டும், சாப்பிடட்டும். வருகிற எல்லோருக்கும் பிறப்பு வாசலை வெட்டித் தைக்கவும் வேண்டாம், பிள்ளையைத் தள்ளவென்று வயிற்றை அமத்தவும் வேண்டாம்.

ஆட்கள் காணாது, அது மெய். இரவு வேலை முடித்து நிற்கும் நேர்சின் காலையும் நான் பார்த்திருக்கிறேன், வீங்கிப்போய் இருக்கும். சரி, "உள்ளுக்குப் பார்க்கப் போறன், சரியோ பிள்ளை?" என்று கேட்டுவிட்டுத் தொட எத்தனை விநாடி?

வெளியில் நிற்கிற எங்களுக்கும் ஒன்று. "நாங்கள் பெறாத பிள்ளையோ" என்று தொடங்காதேயுங்கோ. அடுத்த முறை பிள்ளை பார்க்கப் போனால், உள்ளே உன்னை எப்படிப் பார்த்தார்கள் என்ற அந்த மூன்றாவது கேள்வியையும் கேளுங்கள். உடனே பதில் வராது. பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருங்கள்.