பாலத்துக்கு வரும் முன்பே முடிந்த போர்

நேயர்களுக்கு வணக்கம். இன்றைய கொலம்பியாவை ஸ்பெயின் பேரரசின் பிடியிலிருந்து விடுவித்த சண்டை 1819 ஆகஸ்ட் 7-ஆம் தேதி பொயாக்கா பாலத்தில் நடந்தது. பாலம் என்றதும் பெரிதாக ஏதும் நினைத்துவிடாதீர்கள். ஒரு சிற்றாற்றின் மேல் சின்னப் பாலம், அவ்வளவுதான். சுமார் இரண்டு மணி நேரச் சண்டை. விடுதலைப் படையின் தலைவர் சிமோன் பொலிவாரின் பக்கம் 13 பேர் இறந்தார்கள். எதிரிகளில் 1,600 பேர் வரை பிடிபட்டார்கள்.

இவ்வளவு லேசாகவா ஒரு பேரரசு தோற்கும்? கஷ்டமெல்லாம் ஜூன், ஜூலையிலேயே பட்டாகிவிட்டது.

மழைக்காலத்தில் யாரும் படை நடத்த மாட்டார்கள். பொலிவார் அந்தக் காலத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். வெள்ளக்காடான சமவெளியில் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து, ஆண்டிஸ் மலையில் பிஸ்பா கணவாய்க்கு ஏறினார்கள். உயரம் கிட்டத்தட்ட 4,000 மீட்டர். வந்தவர்களில் பலர் லானெரோக்கள்; வெயில் காயும் புல்வெளியில் மாடு மேய்த்தவர்கள். பலருக்குக் காலில் செருப்பில்லை, மேலே கந்தல். குளிரில் விறைத்தே பலர் செத்தார்கள். குதிரைகள் அநேகமாக எல்லாமே போயின. மலைக்கு அந்தப்புறம் சோச்சா ஊர்ப் பெண்கள் தங்கள் துணிகளைக் கொடுத்துத்தான் அவர்கள் உடம்பை மூடினார்கள். அந்த வழியாக ஒரு படை வரும் என்று ஸ்பானியர்கள் கனவிலும் நினைக்கவில்லை.

ஜூலை 25-ஆம் தேதி வர்காஸ் சதுப்பில் தோல்வியின் விளிம்புக்கே போய், பொலிவாரின் தளபதிகளில் ஒருவரான ரொந்தோனின் ஈட்டி வீரர்களால் தப்பினார்கள். அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம். ஆகஸ்ட் 4-ஆம் தேதி பொலிவார் எதிரியின் கண்ணெதிரே பின்வாங்கினார். இருட்டியதும் திரும்பி, வேறு பாதையில் நடந்து, மறுநாள் துன்ஹா நகரைப் பிடித்துக்கொண்டார். தலைநகர் பொகோத்தாவுக்குப் போகும் வழியில் இருந்த ஊர் அது. ஸ்பானியத் தளபதி பரெய்ரோ பதறிக்கொண்டு தலைநகருக்கு ஓடினார். அந்த ஓட்டத்தில்தான் பாலத்தில் மாட்டிக்கொண்டார். செய்தி கேட்டதும், ஸ்பெயின் அரசரின் பிரதிநிதியாகத் தலைநகரில் ஆண்டுகொண்டிருந்த வைஸ்ராய் சாமானோ மாறுவேடத்தில் தப்பினார். கஜானாவை எடுக்கக்கூட அவருக்கு நேரமில்லை.

சண்டை முடிந்ததும் பரெய்ரோ பாறை இடுக்கில் ஒளிந்திருந்தார். அவரைக் கண்டுபிடித்தவன் பொலிவாரின் குதிரைகளைப் பார்த்துக்கொண்ட பெத்ரோ பஸ்காசியோ என்ற 12 வயதுச் சிறுவன். விட்டுவிட்டால் தங்கக் காசு தருகிறேன் என்றாராம் தளபதி. பையன் ஈட்டியைத் தாழ்த்தவே இல்லையாம். நட என்று முகாமுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான்.