ஜெர்மனி கம்பெனி இன்டர்வியூ: பாலக்கோட்டுத் தம்பியின் சந்தேகம்

சரி, அடுத்த கேள்வி. பாலக்கோட்டில் இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார், அப்படியே படிக்கிறேன். "அண்ணா, டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு 5 வருடமாக ஓசூரில் சி.என்.சி. என்ற கம்ப்யூட்டரில் இயங்கும் மெஷின் ஓட்டுகிறேன். ஜெர்மனியில் ஒரு கம்பெனி வீடியோ காலில் இன்டர்வியூ வைத்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை, அவர்கள் ஊர் நேரம் காலை 10 மணி. இங்கிலீஷில்தான் பேசுவார்களாம், எனக்கு இங்கிலீஷ் திக்கும். 50 கேள்விக்குப் பதில் மனப்பாடம் பண்ணிக்கொண்டிருக்கிறேன், போதுமா? ஒருவர் 40,000 கொடுத்தால் பாஸ் பண்ண வைக்கிறேன் என்கிறார், கொடுக்கலாமா?"

கடைசியில் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். அரசாங்கத்தில் பதிவு செய்த ஏஜென்ட்டே அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், அதுவும் ரசீது போட்டு. பதிவு உண்டா இல்லையா என்று அரசாங்கத்தின் இ-மைக்ரேட் தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கேள்வி கேட்கப்போவது ஜெர்மனியில் இருக்கிற ஆள். நடுவில் நிற்கிறவர் எப்படி பாஸ் பண்ண வைப்பார்? விடுங்கள்.

இப்போது மனப்பாடம். அந்த 50 பதிலையும் மூட்டை கட்டி வைத்துவிடுங்கள் தம்பி. மனப்பாடம் பண்ணிப் பேசுகிறவனின் கண் மேலே போகும், குரல் ஒரே சீராக ஓடும். கேட்கிறவருக்கு அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். நடுவில் ஒரு வார்த்தை மறந்தால் மொத்தமும் நின்றுவிடும். அதோடு உங்களை எடுக்கப்போவது இங்கிலீஷ் பேச இல்லை, மெஷின் ஓட்ட. அந்தப் பக்கம் உட்காரும் புரொடக்ஷன் ஆளுக்கும் இங்கிலீஷ் தாய்மொழி கிடையாது. அவரும் யோசித்து யோசித்துத்தான் பேசுவார்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் மெஷினில் நடந்த மூன்று சம்பவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, நீங்களே கண்டுபிடித்த கோளாறு. ஒன்று, நீங்கள் செய்த தப்பு. ஒன்று, புதிதாக ஜாப் வந்தபோது நீங்கள் போட்ட செட்டிங். அவர்கள் எதைச் சுற்றிக் கேட்டாலும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் வந்துவிடலாம்.

எப்படிச் சொல்வது என்று ஒன்றைப் பார்ப்போம். ஒரு புஷ், நடுவில் துளை உள்ள உருளை. அந்தத் துளைதான் போர், அளவு 25 எச்7. அதாவது துளையின் விட்டம் 25.000 மி.மீ.யில் இருந்து 25.021 மி.மீ. வரை இருக்கலாம், 21 மைக்ரான்தான் இடம், மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காலையில் முதல் பீஸ் சரியாக வந்தது. எண்பதாவது பீஸில், சைஸ் சரியாக இருந்தால் துளைக்குள் போக வேண்டிய கோ கேஜ் உள்ளே போகவில்லை. மெஷினை நிறுத்தினேன். துளையை அளக்கும் போர் டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன், சைஸ் குறைந்திருந்தது. வெட்டும் முனையான இன்சர்ட் தேய்ந்திருந்தது. இன்சர்ட் மாற்றினேன், தேய்மானத்துக்காக மெஷினில் கொடுக்கும் திருத்தமான வேர் ஆஃப்செட்டைச் சரி பண்ணினேன், கடைசியாக ஓகே ஆன பீஸுக்குப் பிறகு ஓடியதை எல்லாம் தனியாக எடுத்துவைத்துத் திரும்ப அளந்தேன். அதற்கு அப்புறம் அறுபது பீஸுக்கு ஒரு முறை இன்சர்ட் மாற்றினேன். அவ்வளவுதான் கதை.

இதை இங்கிலீஷில் சொல்ல எத்தனை வார்த்தை புதிதாகக் கற்க வேண்டும், எண்ணிப் பாருங்கள். இன்சர்ட், கேஜ், ஆஃப்செட், செக், சைஸ் எல்லாம் ஷாப் ஃப்ளோரில் தினமும் வாயில் புரளுவதுதான். பாலக்கோட்டில் உங்கள் அம்மாவுக்குப் புரியாத பாதி வார்த்தைகள் இவை! ஸ்டாப், செக், சேஞ்ச், மெஷர் என்று ஒரு ஏழெட்டு வினைச்சொல்லை நடந்துமுடிந்த காலத்தில் வைத்துச் சொல்லப் பழகினால் போதும். குட்டிக் குட்டி வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நம் ஊரில் "நான்" என்று சொல்லக் கூச்சம். எதைக் கேட்டாலும் "நாங்கள் பண்ணினோம்" என்போம். அங்கே அப்படிச் சொன்னால், அதில் இவன் என்ன பண்ணினான் என்று அடுத்த கேள்வி வரும். நீங்கள் நிறுத்தினால் "நான் நிறுத்தினேன்." மெஷினை செட் பண்ணும் செட்டர் வந்து சரி பண்ணினார் என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள். தப்பு பற்றிக் கேட்டால் "தப்பே பண்ணியதில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள், மெஷின் ஓட்டுகிற எவனும் நம்பமாட்டான்.

புரியாத கேள்விக்குத் தலையை ஆட்டாதீர்கள். நம் தலையாட்டல் ஆமாமா இல்லையா என்று அவர்களுக்குப் பிடிபடாது. "சாரி, ப்ளீஸ் ரிப்பீட்" என்று கேளுங்கள், இரண்டு முறை கேட்டாலும் தப்பில்லை.

டிராயிங் காட்டினால் பயப்படாதீர்கள். ஒரு பொருளின் பக்கங்களை வரைய நாம் படித்த முதல் கோண முறைதான் அங்கும். ஆனால் புள்ளியும் கமாவும் தலைகீழ். 25,021 என்று இருந்தால் இருபத்தைந்தாயிரம் இல்லை, நம் 25.021. சம்பளத்தை 3.200 யூரோ என்று எழுதினால் மூவாயிரத்து இருநூறு. அதுவும் பிடித்தத்துக்கு முந்தைய கணக்கு, புரூட்டோ என்பார்கள். கல்யாணம் ஆகாதவருக்கு வரி, பென்ஷன், ஹெல்த் இன்சூரன்ஸ் என்று மூன்றில் ஒரு பங்கை ஒட்டிப் போய்விடும். கைக்கு வருவது நெட்டோ. அந்தச் சொல்லைச் சொல்லியே கேளுங்கள், தப்பாக நினைக்கமாட்டார்கள்.

நேரம். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். எனக்கும் ஒரு ஜெர்மன் கம்பெனி இன்டர்வியூ வைத்தது. முதல் சுற்று மார்ச்சில், நம் நேரம் மதியம் இரண்டரைக்கு நடந்தது. இரண்டாவது சுற்று ஏப்ரல் முதல் வாரம், அதே 10 மணி. நானும் அதே இரண்டரைக்குச் சட்டை இஸ்திரி போட்டு உட்கார்ந்தேன். அங்கே யாரும் இல்லை. மார்ச் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள், எனக்குத் தெரியாது. மெயில் போட்டு மன்னிப்புக் கேட்டேன், பதில் வரவே இல்லை. மார்ச் கடைசி ஞாயிறில் இருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், மற்ற மாதங்களில் நாலரை. உங்கள் 10 மணி என்பது நமக்கு மதியம் ஒன்றரையா இரண்டரையா என்று காலண்டரைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தில் ஓசூர் ரூமில் உட்காராதீர்கள். நான்கு பேர் தங்குகிற ரூம் என்றால் நைட் ஷிப்ட் முடித்த ஒருவர் பின்னால் தூங்கிக்கொண்டிருப்பார், இன்னொருவர் குக்கர் வைப்பார். முதல் நாளே ரயிலேறி பாலக்கோடு போய்விடுங்கள். கரண்ட் போனால் வைஃபை போகும், அதனால் போனில் டேட்டாவும் ஃபுல் சார்ஜும் இருக்கட்டும். செவ்வாய் செகண்ட் ஷிப்ட் என்றால் சூப்பர்வைசரிடம் இன்றைக்கே மாற்றிக் கேளுங்கள்.

அதற்குள் அந்த மூன்று சம்பவங்களையும் போனில் பேசிப் பதிவு பண்ணி அனுப்புங்கள் தம்பி, கேட்டுவிட்டுச் சொல்கிறேன். அடுத்தது காரிமங்கலத்தில் இருந்து ஒரு தங்கை, நர்ஸிங் பற்றிக் கேட்டிருக்கிறார்.