மகளுக்குப் பங்கு உண்டா? மேரி ராய் வழக்கும் நம் சபைகளும்

[திரையில்: ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும் பெண்கள்]

நவீன கலாச்சாரம் நம் பெண்களைக் கெடுக்கிறது என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். உடை, கைபேசி, நகரத்து வேலை எல்லாம் அதில் வரும். ஆனால் அப்பாவின் சொத்தில் மகளுக்கு என்ன பங்கு என்று பிரசங்க மேடையில் யாராவது பேசி நீங்கள் கேட்டதுண்டா? கிறிஸ்தவக் குடும்பங்களில் எத்தனையோ பெண்களைத் தெருவில் நிறுத்திய விஷயம் அது. அதை எதிர்த்துக் கடைசிவரை போராடிய ஒரு பெண்ணைப் பற்றித்தான் இந்த வீடியோ.

[திரையில்: ஊட்டி மலைச்சரிவில் பழைய வீடு]

மேரி ராய், 1933-இல் பிறந்தவர், கேரளத்தின் பழைய கிறிஸ்தவச் சமூகமான சிரியன் கிறிஸ்தவர்களைச் சேர்ந்த பெண். கணவரைப் பிரிந்து, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ஊட்டியில் காலஞ்சென்ற தந்தையின் வீட்டில் வந்து தங்கினார். வீட்டைக் காலி செய் என்று நெருக்கியவர்கள் அந்நியர்கள் இல்லை, சொந்தக் குடும்பத்தார்.

அவர்களுக்கு அந்தத் துணிச்சலைக் கொடுத்தது இன்றைய கேரளத்தின் தெற்கே இருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் 1916-ஆம் ஆண்டு கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம். தந்தை உயில் எழுதாமல் இறந்தால், மகனுக்குக் கிடைப்பதில் கால் பங்கு மகளுக்கு. இல்லையென்றால் 5,000 ரூபாய். இரண்டில் எது குறைவோ அதுதான்! எத்தனை ஏக்கர் தோட்டம் இருந்தாலும் மகளுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் கிடையாது. கல்யாணத்தில் ஸ்திரீதனம், அதாவது சீதனம், கொடுத்திருந்தால் அதுவும் கிடையாது. கொடுப்பதாக வாக்குச் சொல்லியிருந்தாலே போதும், கதை முடிந்தது. விதவைக்கு ஆயுள்வரை அனுபவ உரிமை மட்டும். மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் 1956 வரை திருவிதாங்கூர்ப் பகுதிதான் என்பதை நாம் மறக்க வேண்டாம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கொல்லம், நெய்யாற்றின்கரை போன்ற சில தாலுகாக்களில் வாழ்ந்த லத்தீன் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகளில் சில பிரிவினர் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகவே பங்கிட்டு வந்தார்கள். அந்த வழக்கத்துக்கு இதே சட்டம் விலக்கும் கொடுத்தது. ஒரே கர்த்தரை ஆராதிக்கிறவர்கள், ஒரே வேதத்தை வாசிக்கிறவர்கள். அப்படியானால் மகளை ஒதுக்கியதற்கு விசுவாசம் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

[திரையில்: உச்ச நீதிமன்றம், 1986]

மேரி ராய் பிறகு கோட்டயத்தில் பள்ளிக்கூடம் தொடங்கினார். சொந்தக் காலில் நின்றபின், 1983-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1986 பிப்ரவரி 24-இல் பி. என். பகவதி, ஆர். எஸ். பதக் ஆகியோர் தீர்ப்புச் சொன்னார்கள். அரசியல் சாசனத்தின் சமத்துவக் கேள்விக்குள் அவர்கள் போகவே இல்லை. மத்தியச் சட்டங்கள் முன்னாள் சமஸ்தானங்களுக்கும் நீட்டிக்கப்பட்ட 1951 ஏப்ரல் 1 அன்றே பழைய சட்டம் முடிந்துவிட்டது, அன்று முதல் 1925-இன் இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும் என்றார்கள். அதன்படி உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மகன், மகள் எல்லாருக்கும் சமமாக. முப்பத்தைந்து வருடங்களாகச் செத்துப்போன ஒரு சட்டத்தைக் காட்டித்தான் பெண்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்!

சபைகள் இதைக் கொண்டாடியிருக்க வேண்டும். ஆனால் சபைத் தலைவர்கள் பலர் எதிர்த்தார்கள். குடும்பங்கள் உடையும், பழைய பத்திரங்கள் எல்லாம் வழக்குக்கு வரும் என்று பயம் காட்டினார்கள். மகள்களுக்குப் பங்கு போகாதபடி உயில் எழுதிவையுங்கள் என்ற பேச்சும் பரவியது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுக்கவில்லை. மேரி ராய்க்கே தன் பங்கு கைக்கு வர அதன்பின் இருபது வருடங்களுக்கு மேல் ஆனது. 2022-இல் அவர் காலமானார்.

[திரையில்: திறந்திருக்கும் வேதாகமம்]

சரி, வேதம் என்ன சொல்கிறது? எண்ணாகமம் 27-ஆம் அதிகாரத்தில் மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து சகோதரிகள் மோசேக்கு முன்னால் வந்து, எங்கள் தகப்பனின் பங்கை எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். சபையார் அனைவரும் பார்க்கக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று கர்த்தர் சொன்னார். அங்கே மகன் இல்லாத வீட்டுக்குத்தான் அந்தக் கட்டளை, அது உண்மை. ஆனால் யோபுவுக்கு ஏழு மகன்கள் இருந்தார்கள். அப்படியிருந்தும் தன் மூன்று மகள்களுக்கும் சகோதரர்களின் நடுவிலே பங்கு கொடுத்தான் என்று 42-ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறது.

[திரையில்: சார்பதிவாளர் அலுவலக வாசல்]

இன்றைக்குச் சட்டம் மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. இப்போது அது விடுதலைப் பத்திரம் என்ற பெயரில் வருகிறது, அதாவது தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுக்கும் பத்திரம். அப்பா இறந்து கொஞ்ச நாளில், "அக்கா, ஒரு கையெழுத்துதான், நகையெல்லாம் போட்டுத்தானே அனுப்பினோம்" என்பார்கள். கையெழுத்துப் போட மறுத்தால் அண்ணன் வீட்டு வாசல் மூடிவிடும், விசுவாசமுள்ள பெண் சொத்துக்கு ஆசைப்படலாமா என்ற பேச்சும் வரும். அந்தக் கேள்வியைத் தம்பியிடம் யாரும் கேட்பதில்லை.

பெண்களே, பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நகலை வாங்கி, உங்களுக்கென்று ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். விருப்பப்பட்டு விட்டுக்கொடுப்பது உங்கள் உரிமை, ஆனால் எதை விடுகிறோம் என்று தெரிந்து விடுங்கள்.

போதகர்களிடம் ஒரு வேண்டுகோள். திருமண ஆயத்த வகுப்பில் இந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொடுங்கள். வயதானவர்கள் உயில் எழுத ஆலோசனை கேட்டால், மகளின் பெயர் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். துக்க வீட்டுக்கு ஜெபிக்கப் போகிறவர்கள், பத்திரம் பதிகிற நாளுக்கு முன்னால் இன்னொரு முறை போய், அண்ணன் தம்பிகளோடு உட்கார்ந்து பேசுங்கள்.