எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறீர்கள்?

(உதகையில் செவிலியர் படிப்பு மாணவ, மாணவியரிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டாம், போட்டபடியே இருங்கள். முதலில் ஒரு வேலை. பக்கத்தில் இருப்பவர் ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு விடுகிறார் என்று எண்ணுங்கள். நான் வாட்ச் பார்த்துச் சொல்கிறேன்.

சரி, போதும். 14, 16, 13, 22. அந்த 22 யாரம்மா? படியேறி ஓடிவந்தாயா? லேட்டாக வந்ததை மூச்சே காட்டிக்கொடுத்துவிட்டது, பார்.

இங்கே ஒருவர்கூட 20 என்று சொல்லவில்லை. ஆனால் எந்த வார்டில் எந்த கேஸ் ஷீட்டைப் புரட்டினாலும் மூச்சு 20தான். காலையில் 20, ராத்திரி 20, சாகக் கிடப்பவருக்கும் 20. நானும் அப்படி எழுதியவள்தான், மறைக்க மாட்டேன். நாடியை மெஷின் சொல்கிறது, பி.பி.யை மெஷின் சொல்கிறது, மூச்சை மட்டும் நின்று எண்ண வேண்டியிருக்கிறது. அதனால் அது கற்பனையாகிவிட்டது. நோயாளி மோசமாவதைப் பெரும்பாலும் முதலில் காட்டுவதே இந்த எண்தான். பி.பி. இறங்குவதற்குப் பல மணி நேரம் முன்பே மூச்சு ஏறத் தொடங்கிவிடும். 12இலிருந்து 20 வரை சரி. 25ஐத் தொட்டால் டாக்டருக்குச் சொல்லிவிட வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இருதயமும் நுரையீரலும் உங்கள் புத்தகத்தில் இரண்டு யூனிட். தேர்வுக்கு அது வசதி. வார்டுக்கு வருகிறவர் இரண்டையும் சேர்த்தேதான் கொண்டுவருவார். இளைப்பு என்று வருவார், கோளாறு இருதயத்தில் இருக்கும். கால் வீங்கி வருவார், மூலம் நுரையீரலில் இருக்கும்.

மழைக்காலத்தில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் என்ன ஆகும்? வண்டிகள் மேட்டுப்பாளையம் வரைக்கும் நிற்கும். சரிந்தது ஓர் இடம், தவிப்பது பின்னால் இருக்கிற ஊர். இருதயத்தின் இடது பக்கம் பலவீனமானால், அதற்குப் பின்னால் இருப்பது நுரையீரல், அங்கே ரத்தம் தேங்கும், காற்றறைகளில் நீர் கசியும். வலது பக்கம் பலவீனமானால் தேக்கம் கழுத்து ரத்தக்குழாயில், கல்லீரலில், கணுக்காலில் தெரியும். இந்த வரிசையைப் புரிந்துகொண்டால் பாதி அறிகுறிகளை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

தேயிலை ஃபேக்டரியில் வாட்ச்மேனாக இருந்த ஒரு பெரியவர். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ராத்திரியில் விசில் அடிக்கிற மாதிரி இளைப்பு. ஆஸ்துமா என்று இரண்டு நாள் நெபுலைசர் வைத்தோம். வைத்தால் கொஞ்சம் தேவலை, மறுபடி அதே கதை. மூன்றாம் நாள் ஒரு பயிற்சி மாணவி, உங்களைப் போலப் படித்துக்கொண்டிருந்த பெண், போர்வையைச் சரிசெய்யும்போது கேட்டாள்: “ஐயா, வீட்டில் எத்தனை தலையணை வைத்துத் தூங்குவீங்க?” அவர் சொன்னார்: “தலையணை எங்கம்மா, படுத்தா மூச்சு முட்டுது. ரெண்டு மாசமா சுவத்துல சாஞ்சு உக்காந்தேதான் தூங்குறேன்.”

அந்தப் பெண் அவருடைய கணுக்காலுக்கு மேலே, எலும்பின் மீது, கட்டை விரலால் சில விநாடிகள் அழுத்தி எடுத்தாள். குழி விழுந்தது, விழுந்த குழி நிரம்பவில்லை. ஓடிவந்து என்னைக் கூப்பிட்டாள். கம்பளிக்கும் சாக்ஸுக்கும் கீழே இருந்த காலை இரண்டு நாளாக எங்களில் யாருமே பார்க்கவில்லை. மலையூர் வார்டுகளில் இது பெரிய ஆபத்து, பிள்ளைகளே. எல்லாவற்றையும் போர்த்தி வைத்திருப்போம். டாக்டர் வந்து பார்த்தார், தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் லேசிக்ஸ் மருந்தைப் போட்டார், பெரியவர் லிட்டர் லிட்டராகச் சிறுநீர் கழித்தார், மறுநாள் படுத்துத் தூங்கினார். ஆஸ்துமா இல்லை, இருதயம் திணறியிருக்கிறது. பகலில் காலில் தேங்குகிற நீர், படுத்ததும் மார்புக்குத் திரும்புகிறது. பலவீனமான இருதயத்தால் அதைத் தள்ள முடியவில்லை. அதனால்தான் தூங்கி ஓரிரு மணி நேரத்தில் எழுந்து ஜன்னலைத் தேடுகிறார்கள்.

இவர்களை வீட்டுக்கு அனுப்பும்போது உப்பைக் குறைக்கச் சொல்கிறோம், சரி. கூடவே தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு எடை பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதையில்லை, தண்ணீர். வீட்டில் எடை மெஷின் இல்லையென்றால் ரேஷன் கடையில் ஏறி நிற்கட்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். ‘உப்பைக் குறையுங்க’ என்றால் குழம்பில் மட்டும் குறைத்துவிட்டுக் கருவாட்டைச் சுட்டுச் சாப்பிடுவார்கள்.

இப்போது நான் செய்த தப்பு.

டிசம்பர் மாதம், நைட் டியூட்டி, நல்ல பனி. எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஒரு பாட்டியைக் கொண்டுவந்தார்கள். பீடி தொட்டதே இல்லை. ஆனால் ஜன்னலில்லாத சமையலறையில் ஐம்பது வருடம் விறகடுப்பு ஊதியவர். நாள்பட்ட மூச்சடைப்பு நோய்க்குச் சிகரெட் மட்டும்தான் காரணம் என்று எழுதாதீர்கள், நம் ஊர்ப் பெண்களுக்கு அடுப்பே போதும். விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினேன். ரத்தத்தில் ஆக்சிஜன் 76 சதவீதம். பயந்துபோய் மாஸ்க் போட்டு 10 லிட்டர் ஆக்சிஜன் திறந்துவிட்டேன். மணி நாலுக்கு எட்டிப் பார்த்தால் பாட்டி நிம்மதியாகத் தூங்குகிறார். அடுத்த டியூட்டிக்காரர்களுக்கான ஓவர் புத்தகத்தில் ‘நன்றாகத் தூங்கினார்’ என்று எழுதக்கூடத் தயாராகிவிட்டேன்.

ரவுண்ட்ஸ் வந்த சீனியர் சிஸ்டர் பாட்டியைக் கூப்பிட்டார். எழவில்லை. தோளைத் தட்டினார், முனகல் மட்டும். கை கதகதப்பாக, முகம் சிவந்து, நாடி துள்ளிக்கொண்டிருந்தது. கார்பன் டை ஆக்சைடு ஏறிவிட்டது. இப்படிப்பட்ட நுரையீரலுக்கு அளவுக்கு மீறி ஆக்சிஜன் கொடுத்தால் அது கரியமில வாயுவை வெளியேற்றுவது இன்னும் கெடும். இவர்களுக்கு இலக்கு 88இலிருந்து 92 வரைதான், 100 இல்லை. ஆக்சிஜனை ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது, அது இன்னும் மோசம். படிப்படியாகக் குறைத்து, டாக்டரை எழுப்பி, மூச்சுக் கருவி வைத்து, பாட்டி பிழைத்துவிட்டார். எனக்குத்தான் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

அந்த 76ஆவது உண்மையா? பாட்டியின் விரல் பனிக்கட்டியாக இருந்தது. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கினால் ஆக்சிமீட்டருக்கு நாடியே சரியாகக் கிடைக்காது, வாய்க்கு வந்ததைச் சொல்லும். முதலில் உங்கள் இரண்டு கைக்குள் அந்தக் கையை வைத்துச் சூடேற்றுங்கள். பிறகு மாட்டுங்கள். கருவி காட்டுகிற நாடியும் நீங்கள் மணிக்கட்டில் எண்ணுகிற நாடியும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்றாக இல்லையென்றால் அந்த ஆக்சிஜன் எண்ணையும் நம்பாதீர்கள். நெயில் பாலிஷ் இருந்தால் துடைத்துவிடுங்கள்.

இந்த ஊருக்கே உள்ள இன்னொரு சங்கதி. மேட்டுப்பாளையத்தில் சிப்ஸ் பாக்கெட் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினால், ஊட்டி வருவதற்குள் அது பலூன் மாதிரி உப்பியிருக்கும், பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கிற காற்று அதேதான், வெளியே அழுத்தம் குறைந்திருக்கிறது. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் 760 மி.மீ. பாதரசம் இருக்கிற காற்றழுத்தம் இங்கே சுமார் 580தான். ஆக்சிஜனின் சதவீதம் குறையவில்லை, எங்கேயும் 21தான். தள்ளுகிற அழுத்தம்தான் குறைவு. ஆரோக்கியமான ஆளுக்கே இங்கே 94, 95 காட்டலாம், பதற வேண்டாம். ஆனால் சமவெளியில் ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்த இருதயமோ நுரையீரலோ உள்ள ஒரு மாமா சீசனுக்குக் குடும்பத்தோடு மேலே வந்தால், அந்தக் குறைவு அவருக்குப் பெரிய குறைவு.

குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு வைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறார்களே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைவலி, வாந்தி, குழப்பம் என்று ஒரே அறையிலிருந்து இரண்டு பேர் வந்தால் சாப்பாட்டைக் குறை சொல்வதற்கு முன் ‘ரூமில் என்ன வைத்திருந்தீங்க’ என்று கேளுங்கள். கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்ளும். ஆக்சிமீட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆள் மயங்கிக் கிடப்பார், கருவி 98 காட்டும். பாட்டி கதையைக் கேட்டுவிட்டு இங்கே கஞ்சத்தனம் செய்யாதீர்கள். இவர்களுக்கு பை வைத்த மாஸ்கில் முழு ஆக்சிஜன், உடனே.

கூடலூர், பந்தலூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் அரிவாள் செல் சோகையை, அதாவது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகிற பரம்பரை நோயை, மறக்கக் கூடாது. இந்தியாவில் அது முதன்முதலில் அறியப்பட்ட இடங்களில் ஒன்று நம் நீலகிரி. 1952இல் இங்குள்ள பழங்குடி மக்களிடம் கண்டறிந்தார்கள். குளிரும் உடம்பில் நீர் வற்றுவதும் அதைத் தூண்டும். அந்த நோயுள்ள பிள்ளை காய்ச்சலோடு நெஞ்சு வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் வெறும் சளிக்காய்ச்சல் என்று ஓரமாகப் படுக்க வைக்காதீர்கள். சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

காசநோய் உங்களுக்குத் தெரியும், இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைச் சோதிக்க வேண்டும், அவ்வளவுதான் இன்றைக்கு.

மாரடைப்புக்கு மட்டும் ஒரு நிமிடம். சினிமாவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார்கள். நிஜத்தில் ‘வாயு மாதிரி இருக்கு சிஸ்டர், சோடா குடிச்சேன் கேக்கலை’ என்று நடந்தே வருவார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் வியர்வை, அசதி, தாடை வலி, முதுகு வலி என்று வரலாம். வந்த 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். 2023இல் வந்த தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் முதல் டோஸ் கொடுத்து அனுப்புகிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நம் மக்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி இருந்தால் கேளுங்கள். சொல்லுப்பா தம்பி.

‘மேடம், வார்டில் 40 பேர், நாங்கள் இரண்டு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் நின்று எண்ண முடியுமா?’

நியாயமான கேள்வி. வாசலில் நின்று வார்டை ஒரு முறை பார். ராத்திரி இரண்டு மணிக்கு எல்லோரும் படுத்திருக்கும்போது யார் உட்கார்ந்திருக்கிறாரோ, முதலில் அவரிடம் போ. அடுத்தது, தட்டினாலும் எழாமல் தூங்குகிறவர். மணிக்கட்டைப் பிடித்துக்கொள், நாடி பார்க்கிறாய் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும். மூச்சை எண்ணுகிறாய் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடும். வாட்சைப் பார்த்தபடி, ஓரக்கண்ணால் மார்பைப் பார்த்து எண்ணு. எத்தனை வருகிறதோ அதை எழுது.